குளுக்கோஸ் ஏற்றும் முன் ஒரு குழாய் ரத்தம்

சர்க்கரை நோய் இல்லை. மாத்திரையும் கிடையாது, ஊசியும் கிடையாது. அப்படிப்பட்ட ஒருவரை விடியற்காலையில் புத்தி தடுமாறிய நிலையில் அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். விரல் நுனியில் குத்திப் பார்த்தால் சுகர் 38 (டெசிலிட்டருக்கு மில்லிகிராம்; இனி வரும் சர்க்கரை அளவுகளும் அப்படியே). எந்த ஊர் மருத்துவமனையானாலும் அடுத்து நடப்பது ஒன்றுதான்: 25 சதவீத குளுக்கோஸ் 100 மில்லி, கை நரம்பு வழியாக. பத்து நிமிடத்தில் ஆள் எழுந்து உட்கார்ந்து "எனக்கு என்ன ஆச்சு?" என்பார். "லோ சுகர், வேளாவேளைக்குச் சாப்பிடுங்க" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆளைக் காப்பாற்றியாயிற்று, என்ன நோய் என்பதற்கான சாட்சியத்தைக் கழுவி ஊற்றியும் ஆயிற்று.

இன்சுலின் அளவுக்கு மீறிச் சுகர் இறங்கும் இந்த நோயைப் பொறுத்தவரை, சுகர் இறங்கியிருக்கும் அந்த நேரத்து ரத்தம்தான் எல்லாம். குளுக்கோஸ் உள்ளே போய் அரை மணி நேரம் கழித்து எடுக்கும் ரத்தத்தில் இன்சுலின் எவ்வளவு இருந்தாலும் அதற்கு அர்த்தம் கிடையாது. சர்க்கரை ஏறினால் இன்சுலின் ஏறத்தான் செய்யும். ஆகவே செய்ய வேண்டியது எளிது. குளுக்கோஸ் ஏற்றும் ஊசிக் குழாயான கேனுலா போட்டதும், குளுக்கோஸைத் தள்ளுவதற்கு முன், அதே ஊசி வழியாகப் பத்து மில்லி ரத்தத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு நிமிடம்கூட ஆகாது, சிகிச்சையும் தாமதப்படாது. சாம்பல் மூடி போட்ட ஃப்ளோரைடு குழாயில் இரண்டு மில்லி சர்க்கரை அளவுக்கு. மீதி, சீரத்துக்கான (ரத்தம் உறைந்தபின் மேலே தெளியும் நீர்) குழாயிலும் ஊதா மூடி இடிடிஏ குழாயிலும். சீரத்தைச் சீக்கிரம் பிரித்து உறைநிலையில் வைத்துவிட்டால், எந்தெந்தப் பரிசோதனை என்பதை மறுநாள் நிதானமாக முடிவு செய்யலாம். குழாயின் மேல் மணி எழுத மறக்கக் கூடாது.

குழாய் விஷயத்தில் அலட்சியம் காட்டினால் இரண்டு வகையில் ஏமாறுவோம். ஃப்ளோரைடு இல்லாத குழாயில் ரத்தத்தை அப்படியே வைத்திருந்தால் அதிலுள்ள அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். வெள்ளை அணுக்கள் மிக அதிகமாக உள்ள ரத்தப் புற்றுநோயாளிக்கு இன்னும் வேகமாக. கிளைச் சேகரிப்பு மையத்தில் காலை ஏழு மணிக்கு எடுத்து மதியம் பிரதான ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்த ரத்தத்தில் 52 என்று வந்தால், ஆளுக்கு ஒன்றும் இல்லாமலே இருக்கலாம். இன்னொன்று, சிவப்பணுக்கள் உடைந்து சீரம் சிவந்துபோனால், அவற்றிலிருந்து வெளிவரும் நொதி இன்சுலினைச் சிதைத்துவிடும். உண்மையில் அதிகமாக இருந்த இன்சுலின் குறைவு என்று வரும்.

வீட்டுக் குளுக்கோமீட்டரை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்ய முடியாது. 100க்குக் கீழே 15 மில்லிகிராம் கூடவோ குறையவோ காட்டுவதைச் சர்வதேசத் தர விதியே அனுமதிக்கிறது. கருவி 62 என்றால் உண்மை 47 ஆகவும் இருக்கலாம், 77 ஆகவும் இருக்கலாம். கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் இன்னும் ஒரு படி மேலே: அந்தக் கை மேல் சாய்ந்து படுத்துத் தூங்கினாலே இரவெல்லாம் "லோ" என்று அலறும். ஆரோக்கியமான ஆட்கள் இதை ஒட்டிக்கொண்டு பயந்துபோய் வருவது இப்போது கூடிவிட்டது.

அதனால்தான் விப்பிள் என்ற நியூயார்க் அறுவை மருத்துவர் 1930களில் சொன்ன மூன்று நிபந்தனைகள் இன்னும் மாறவில்லை. சுகர் இறங்கியதற்கான அறிகுறி இருக்க வேண்டும். அதே நேரத்தில் ஆய்வக அளவில் சர்க்கரை குறைந்திருக்க வேண்டும். சர்க்கரை கொடுத்ததும் அறிகுறி மறைய வேண்டும். மூன்றும் சேர்ந்தால் மட்டுமே மேலே தோண்ட வேண்டும். "பசி வந்தால் கை நடுங்குது" என்பவர்களில் பெரும்பாலோருக்கு அந்த நேரத்தில் எடுத்த அளவு எண்பதோ தொண்ணூறோ இருக்கும். அவர்களுக்கு வேண்டியது வேறு மருத்துவம்.

நடப்பது என்ன என்பதைப் பார்ப்போம். கணையத்தின் பீட்டா செல்கள் முதலில் புரோஇன்சுலின் என்ற நீளச் சங்கிலியைச் செய்கின்றன. அதை வெட்டினால் ஒரு இன்சுலினும் ஒரு சி-பெப்டைடும் கிடைக்கும்; இரண்டும் சம எண்ணிக்கையில் ரத்தத்துக்கு வரும். சர்க்கரை 80ஐ ஒட்டி இறங்கும்போதே பீட்டா செல் கதவைச் சாத்தத் தொடங்கிவிடும். 70க்குக் கீழே, சர்க்கரையை ஏற்றும் ஹார்மோன்களான குளுக்ககானும் அட்ரினலினும் களத்தில் இறங்கும். 55ஐத் தொடும்போது வியர்வை, படபடப்பு, நடுக்கம். அதற்கும் கீழே போனால் மூளை தடுமாறும். ஆக, 45 மில்லிகிராமில் ஒரு ஆளுக்கு இன்சுலின் ஏறக்குறைய இல்லாமல் போயிருக்க வேண்டும். இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். ஆய்வகத் தாளில் இன்சுலின் 8 மைக்ரோயூனிட் என்றும், பக்கத்தில் "2 முதல் 25 வரை இயல்பு" என்றும் அச்சாகியிருக்கும். "இன்சுலின் நார்மல்தான்" என்று தாளை மடித்து வைத்துவிடுவார்கள். சர்க்கரை 42 இருக்கும்போது 8 என்பது நார்மல் அல்ல, அதுதான் நோய். அந்த இயல்பு அளவு, சர்க்கரை சரியாக உள்ளவர்களிடம் எடுத்தது.

வெறும் பட்டினியால் இறங்கும் சர்க்கரையை விட இன்சுலினால் இறங்கும் சர்க்கரை ஆபத்தானது. பட்டினி கிடந்தால் கொழுப்பு கரைந்து கீட்டோன் உருவாகும், மூளை அதை எரித்துச் சமாளித்துக்கொள்ளும். நீண்ட உபவாசத்தில் சில பெண்களுக்கு நாற்பதுகளில் போனாலும் ஒன்றும் தெரியாமல் நடமாடுவதற்கு இதுவே காரணம். இன்சுலின் இருந்தாலோ கொழுப்பு கரையும் வழியும் அடைபட்டுவிடும். அடுப்பும் அணைந்து, விறகும் பூட்டப்பட்ட நிலை.

அந்த ஒரு குழாய் ரத்தத்தில் பார்க்க வேண்டியவை: சர்க்கரை 55க்குக் கீழே, இன்சுலின் 3 மைக்ரோயூனிட் அல்லது மேலே, சி-பெப்டைட் 0.6 நானோகிராம் அல்லது மேலே, புரோஇன்சுலின் 5 பிகோமோல் அல்லது மேலே, பீட்டா ஹைட்ராக்ஸிபியூட்டிரேட் என்ற கீட்டோன் 2.7 மில்லிமோலுக்குள். இவற்றோடு சர்க்கரை நோய்க்கான சல்ஃபோனைல்யூரியா மாத்திரை ரத்தத்தில் உண்டா என்ற பரிசோதனையும், இன்சுலினுக்கு எதிரான ஆன்டிபாடியும். அமெரிக்க எண்டோகிரைன் சொசைட்டி 2009இல் வகுத்த அளவுகள் இவை. மில்லிமோலில் அளக்கும் சிங்கப்பூர், மலேசிய வாசகர்கள் சர்க்கரை அளவை 18ஆல் வகுத்துக்கொள்ளலாம். 55 என்பது அங்கே 3.0.

இன்சுலின் ஏகமாக இருந்து சி-பெப்டைட் இல்லையென்றால், அந்த இன்சுலின் கணையத்திலிருந்து வந்ததல்ல. ஊசி வழியாக வந்தது. வீட்டில் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இன்சுலின் இருக்கும். ஒரு எச்சரிக்கை: சில ஆய்வக முறைகளுக்கு லிஸ்ப்ரோ, கிளார்ஜின் போன்ற மாற்றியமைக்கப்பட்ட இன்சுலின்கள் தெரியவே தெரியாது. அப்போது இன்சுலின், சி-பெப்டைட், கீட்டோன் மூன்றும் குறைவாக வரும். கீட்டோனும் சேர்ந்து குறைந்திருப்பதுதான் காட்டிக்கொடுக்கும். இன்சுலினே இல்லாமல் கீட்டோன் உயர்ந்திருந்தால் கதை வேறு: மது, கல்லீரல் செயலிழப்பு, கார்டிசால் குறைபாடு. அது இந்தக் கட்டுரைக்கு வெளியே.

இன்சுலினும் சி-பெப்டைடும் இரண்டுமே உயர்ந்திருந்தால் உடனே இன்சுலினோமாவை, அதாவது கணையத்தில் இன்சுலின் சுரக்கும் கட்டியை, தேடப் போகக் கூடாது. கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு, கிளிக்கிளசைடு மாதிரியான சல்ஃபோனைல்யூரியா மாத்திரைகள் பீட்டா செல்லையே பிழிந்து இன்சுலினை வெளியே தள்ளுபவை. ரத்தத்தில் அவை விடும் தடம் கட்டி விடும் தடத்தைப் போலவேதான் இருக்கும். நம் வீடுகளில் ஒரே டப்பாவில் நாலு பேர் மாத்திரை கிடக்கும். மருந்துக் கடையில் பெயர் ஒத்துப்போனதால் மாறிக் கொடுப்பதும் உண்டு. "சுத்த மூலிகை" என்று விற்கும் பொடிகளில் கலப்படம் இருப்பதும் உண்டு. சிங்கப்பூரில் 2008 ஜனவரி முதல் மே வரை, சர்க்கரை நோய் இல்லாத 150 பேர் கடுமையான லோ சுகரோடு அரசு மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். நாலு பேர் இறந்தார்கள். ஆண்மை மருந்து என்று கள்ளத்தனமாக விற்ற மாத்திரைகளில் கிளிபென்கிளமைடு கலந்திருந்தது. ஆகவே மாத்திரைப் பரிசோதனை அந்தத் தாழ்ந்த நேரத்து ரத்தத்திலேயே செய்யப்பட வேண்டும். இரண்டு வாரம் கழித்து எடுத்த ரத்தத்தில் ஒன்றும் இருக்காது. சிகிச்சையிலும் இங்கே ஒரு வித்தியாசம் இருக்கிறது. குளுக்கோஸ் ஏற்ற ஏற்ற, மாத்திரையின் பிடியில் உள்ள பீட்டா செல் இன்னும் இன்சுலினைக் கொட்டும். 50 முதல் 100 மைக்ரோகிராம் ஆக்ட்ரியோடைடு தோலடியில் போட்டால் அந்தக் கொட்டல் அடங்கும். சிறுநீரகம் கெட்டவர்களை ஒரு நாள் முழுக்கவாவது மருத்துவமனையை விட்டு அனுப்பக் கூடாது. காலையில் தெளிந்தவர் ராத்திரி மறுபடி சரிவார்.

நம் ஊருக்கு முக்கியமான இன்னொன்று ஆன்டிபாடி. 1970இல் ஜப்பானில் ஹிராட்டா என்பவர் விவரித்தது. இன்சுலினே போட்டுக்கொள்ளாத ஒருவரின் உடல், தன் இன்சுலினுக்கு எதிராக ஆன்டிபாடி செய்கிறது. சாப்பிட்டதும் சுரக்கும் இன்சுலினை ஆன்டிபாடி பிடித்து வைத்துக்கொள்வதால் சர்க்கரை முதலில் ஏறும். பிறகு பிடி தளர்ந்து இன்சுலின் நேரம்கெட்ட நேரத்தில் வெளியே வந்து ஆளைச் சாய்க்கும். இன்சுலின் அளவு நூறுகளில், சில சமயம் ஆயிரத்தைத் தாண்டியும் வரும். இன்சுலினோமாவில் அப்படி வருவது மிக அரிது. கந்தகக் கூறுள்ள சில மருந்துகள் இதைத் தூண்டிவிடும்: தைராய்டுக்கான கார்பிமசோல், ரத்த அழுத்தத்துக்கான கேப்டோப்ரில், ஆல்ஃபா லிப்போயிக் ஆசிட். கடைசியாகச் சொன்னது கால் எரிச்சலுக்கும் மதமதப்புக்கும் "நரம்புச் சத்து" என்று மெத்தில்கோபாலமினோடு சேர்த்து எழுதப்படும் மாத்திரைகளில் இருக்கிறது. "வேற மருந்து எதுவும் சாப்பிடலை, சத்து மாத்திரை மட்டும்தான்" என்ற பதிலோடு விசாரணையை நிறுத்திவிடக் கூடாது; அட்டையின் பின்புறம் அச்சடித்திருப்பதைப் படிக்க வேண்டும். அந்த மருந்தை நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் தானாகவே சரியாகிவிடும். ஆன்டிபாடி பார்க்காமல் கணையத்தை அறுத்தவர்கள் உலகில் உண்டு என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மாத்திரையும் இல்லை, ஆன்டிபாடியும் இல்லை என்றான பிறகே இன்சுலினோமா. ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் நாலு பேர் அளவில் வரும் அரிய கட்டி. பத்தில் ஒன்பது புற்றல்ல, பத்தில் ஒன்பது ஒற்றைக் கட்டி, பெரும்பாலும் இரண்டு சென்டிமீட்டருக்குள். அளவு சுண்டைக்காய்தான், ஆனால் ஆளை ஆட்டிப் படைத்துவிடும். விடியற்காலையிலும், சாப்பாடு தள்ளிப்போன நாளிலும், ஏகாதசி விரதத்திலும், நோன்பிலும், வெறும் வயிற்றுப் பரிசோதனைக்கு வரிசையில் நிற்கும்போதும் தாக்கும். அடிக்கடி இறங்கினால் உடம்பு பழகிப்போய் வியர்வை, படபடப்பு என்ற எச்சரிக்கை மணிகள் அடிப்பதை நிறுத்திவிடும். மிஞ்சுவது மூளை அறிகுறிகள் மட்டும்: இரட்டைப் பார்வை, நாக்குழறல், சம்பந்தமில்லாத பேச்சு, கோபம், வலிப்பு. பிறகு நடந்தது எதுவும் நினைவிருக்காது. அதனால் இவர்கள் முதலில் போய்ச் சேரும் இடம் நரம்பியல் மருத்துவரோ மனநல மருத்துவரோ, சில குடும்பங்களில் பூசாரியோதான். வளர்ந்த ஒருவருக்குப் புதிதாக, அதுவும் காலை வேளைகளில் வலிப்பு வருகிறதென்றால், மூளை ஸ்கேனுக்கு முன்னால் வலிப்பின்போதே ஒரு சர்க்கரை பார்த்துவிடுவது மலிவான வேலை. இதில் ஒரு விசித்திரம்: வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாய்ன் இன்சுலின் சுரப்பைக் கொஞ்சம் அடக்கும். ஓரளவு குணம் தெரிவதால் தவறான பெயரே ஆண்டுக்கணக்கில் நிலைத்துவிடும். சாப்பிட்டால் சரியாகிறது என்று உடம்பே கற்றுக்கொள்வதால் சிலருக்கு எடையும் ஏறும்.

தாக்குதலின்போது ரத்தம் எடுக்க வாய்க்கவில்லையென்றால் மருத்துவமனையில் சேர்த்து 72 மணி நேரப் பட்டினி. கடைசியாகச் சாப்பிட்ட நேரத்திலிருந்து கணக்கு. தண்ணீர், சர்க்கரையும் பாலும் காஃபினும் இல்லாத பானங்கள் மட்டும். படுத்தே கிடக்கக் கூடாது. விழித்திருக்கும் நேரம் நடமாட வேண்டும். ஆறு மணி நேரத்துக்கொரு முறை ரத்தம். 60க்கு இறங்கியதும் ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்துக்கொரு முறை. 45 அல்லது அதற்குக் கீழே போய் அறிகுறியும் வந்தால் முடித்துவிடலாம். விப்பிளின் மூன்று நிபந்தனைகள் முன்பே பதிவாகியிருந்தால் 55க்குக் கீழே போனாலே போதும். முடிக்கும்போது மேலே சொன்ன எல்லாப் பரிசோதனைகளுக்கும் ரத்தம் எடுத்து, 1 மில்லிகிராம் குளுக்ககான் நரம்பில் போட்டு 10, 20, 30ஆம் நிமிடங்களில் சர்க்கரை பார்ப்பார்கள். 25 மில்லிகிராமாவது ஏறினால் இன்சுலின் கல்லீரலின் சர்க்கரைக் கையிருப்பைப் பூட்டி வைத்திருந்தது என்று பொருள். சாதாரணப் பட்டினியில் அந்தக் கையிருப்பு தீர்ந்துபோயிருக்கும். பெரும்பாலான நோயாளிகள் மூன்று நாள் தாங்குவதில்லை. மூன்றில் இரண்டு பங்கினர் முதல் 24 மணி நேரத்திலேயே மாட்டிக்கொள்வார்கள். இரவுப் பணியில் உள்ள செவிலியர் அந்த நேரத்து ரத்தத்தை ஆய்வகத்துக்கு எடுத்துவிட்டுத்தான் குளுக்கோஸ் கொடுக்க வேண்டும் என்பதைக் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்திலேயே பெரிதாக எழுதி வைப்பது நல்லது. பட்டினியையே வீணாக்குவது பெரும்பாலும் அந்த ஒரு அவசரம்தான்.

குளுக்கோஸ் டாலரன்ஸ் டெஸ்ட் இதற்கு ஆகாது. 75 கிராம் குளுக்கோஸைக் குடித்துவிட்டு நாலைந்து மணி நேரம் பார்த்தால் நல்ல ஆட்களிலும் பலருக்கு ஐம்பதுகளுக்குப் போகும்.

ஸ்கேன் கடைசியாகத்தான். வேதியியல் நிரூபணம் இல்லாமல் எடுத்த சி.டி.யில் கணையத்தில் ஏதாவது ஒரு புள்ளி தெரிந்தால் அது வேறொன்றாகவும் இருக்கலாம். ஒன்றும் தெரியாவிட்டால் கட்டி இல்லை என்றும் ஆகாது. மூன்று கட்ட சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ.யில் ஆரம்பித்து, தெரியாவிட்டால் எண்டோஸ்கோப் வழியாக உள்ளேயிருந்து பார்க்கும் அல்ட்ராசவுண்ட். அதிலும் பிடிபடாவிட்டால் காலியம்-68 எக்ஸெண்டின் பெட் ஸ்கேன். இன்சுலினோமாவில் ஜிஎல்பி-1 என்ற குடல் ஹார்மோனுக்கான ஏற்பிகள் நிறைந்திருப்பதால், எக்ஸெண்டின் அவற்றில் ஒட்டி, கட்டி பளிச்சென்று தெரியும். இன்னும் சந்தேகம் என்றால் கணையத்துக்கு ரத்தம் தரும் தமனிகள் ஒவ்வொன்றிலும் கால்சியம் செலுத்தி, கல்லீரல் சிரையில் 20, 40, 60ஆம் விநாடிகளில் இன்சுலின் பார்ப்பார்கள். எந்தத் தமனியில் போட்டபோது இன்சுலின் இரண்டு மடங்குக்கு மேல் எகிறுகிறதோ, கட்டி அந்தப் பகுதியில்.

இந்த நோயின் வரலாறே கட்டியைத் தொட்டுப் பார்த்து எழுதப்பட்டதுதான். 1927இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் வில்லியம் மேயோ வயிற்றைத் திறந்து பார்த்த நோயாளி, தானும் ஓர் அறுவை மருத்துவர். கல்லீரலுக்குப் பரவியிருந்ததால் எடுக்க முடியவில்லை. அந்தக் கட்டியின் சாற்றை முயல்களுக்குப் போட்டபோது அவற்றின் சர்க்கரை இறங்கியது. இரண்டே ஆண்டில், 1929இல், இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்ட அதே டொரன்டோவில் ராஸ்கோ கிரகாம் ஒரு கட்டியை எடுத்து நோயாளியைக் குணப்படுத்தினார்.

வயிற்றைச் சுருக்கும் பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கு வரும் லோ சுகர் தனி ரகம். சென்னையிலும் கோவையிலும் இந்த அறுவை பெருகியிருப்பதால் இனி அதிகம் பார்ப்போம். அறுவை முடிந்து ஓராண்டுக்குப் பின், வெறும் வயிற்றில் அல்லாமல், சாப்பிட்ட ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் வரும். உணவு சிறுகுடலில் பாய்ந்து கொட்டுவதால் ஜிஎல்பி-1 பொங்கி, இன்சுலின் தேவைக்கு மேல் சுரக்கிறது. ஒரு வேளைக்கு மாவுச்சத்து 30 கிராமுக்குள் இருக்க வேண்டும். நடுத்தர இட்லி மூன்றைத் தாண்டினால் கணக்கு போய்விடும். முட்டை, பருப்பு, மீன் முதலில், சோறு கடைசியில். சாப்பாட்டோடு தண்ணீரோ ஜூஸோ கூடாது. முதல் கவளத்தோடு, மாவுச்சத்து செரிப்பதை மெதுவாக்கும் அகார்போஸ் மாத்திரை 25 அல்லது 50 மில்லிகிராம் உதவும். அகார்போஸ் சாப்பிடுபவருக்குச் சுகர் இறங்கினால் வீட்டுச் சர்க்கரை சீக்கிரம் வேலை செய்யாது. அதை உடைக்கும் நொதியையே அந்த மருந்து தடுத்து வைத்திருக்கிறது. குளுக்கோஸ் பவுடர்தான் கைகொடுக்கும்.

மற்றவர்களுக்கு 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று டீஸ்பூன், அரை டம்ளர் தண்ணீரில். கால் மணி நேரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். சாக்லேட்டும் பாலும் கொழுப்பால் மெதுவாகவே இறங்கும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. இன்சுலினோமா என்று தெரிந்து அறுவைக்குக் காத்திருப்பவர் தனியாக வண்டி ஓட்டக் கூடாது, இரவு பத்துக்கு மேல் ஒரு முறையும் நடுநிசியில் ஒரு முறையும் சாப்பிட வேண்டும்; படுக்கும் முன் சமைக்காத சோள மாவைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தால் மெல்ல மெல்லச் செரித்து இரவைக் கடத்தும். இன்சுலின் சுரப்பை அடக்கும் டயாசாக்சைடு என்ற மருந்து நாளைக்கு 100 முதல் 200 மில்லிகிராமில் தொடங்கி 600 வரை போகலாம். காலில் நீர் கோக்கும், முகத்தில் முடி வளரும். பெண்களிடம் இதை முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். ஆக்ட்ரியோடைடு இங்கே இருபுறமும் கூரான கத்தி: சிலரிடம் குளுக்ககானையும் அடக்கி நிலைமையை மோசமாக்கும். முதல் டோஸ் மருத்துவமனையில் படுக்கவைத்துத்தான்.

அறுவையில் கட்டி மட்டும் தனியாகத் தோண்டி எடுக்கப்படும். கணையக் குழாயை ஒட்டி, இரண்டு மூன்று மில்லிமீட்டர்கூட இடைவெளி இல்லாமல் இருந்தால் அந்தப் பகுதியையே வெட்ட வேண்டிவரும். மேசையில் விரலால் தடவியும் கணையத்தின் மேலேயே அல்ட்ராசவுண்ட் வைத்தும் தேடுவார்கள். இடம் தெரியாமல் வால் பகுதியைக் குத்துமதிப்பாக வெட்டும் பழைய வழக்கத்தை எந்த மருத்துவராவது இன்னும் முன்மொழிந்தால் வேறு இடத்தில் இரண்டாவது கருத்துக் கேளுங்கள். கட்டி வெளியே வந்த ஒரு மணி நேரத்துக்குள் சர்க்கரை ஏறத் தொடங்கும். அடுத்த சில நாள்கள் 200ஐத் தொட்டாலும் பதறத் தேவையில்லை. இத்தனை நாள் அடங்கிக் கிடந்த நல்ல பீட்டா செல்கள் விழிக்க நேரம் எடுக்கும். ஒவ்வொருவருக்கும் ஒரு முறை ரத்தத்தில் கால்சியமும் பாராதைராய்டு ஹார்மோனும் பார்த்துவிட வேண்டும். கால்சியம் உயர்ந்திருந்தால், அல்லது கட்டி ஒன்றுக்கு மேல் இருந்தால், பாராதைராய்டு, கணையம் எனப் பல சுரப்பிகளில் கட்டி வரும் மென்-1 என்ற பரம்பரை நோயாக இருக்கலாம். அப்போது பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் மரபணுப் பரிசோதனை தேவை.